பூட்ஸ்ட்ராப் 5: தமிழ்ப் பக்கத்துக்கு எவ்வளவு தூரம் கைகொடுக்கும்?

திருக்கோணமலைப் பக்கம் உப்புவெளியிலோ நிலாவெளியிலோ ஒரு விருந்தினர் விடுதிக்கு வலைப்பக்கம் செய்யத் தேவைப்படுவது கொஞ்சம்தான்: மேலே கடற்கரைப் படம், நடுவே அறைகளும் வாடகையும், கீழே முன்பதிவுப் படிவம். பார்க்கிற ஆட்களில் பெரும்பாலானோர் போனில்தான் பார்ப்பார்கள். இந்த வேலையைப் பழகத் தொடங்குபவருக்கு, சிஎஸ்எஸ் (பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் மொழி) ஆயத்தமாக எழுதி வைத்த தொகுப்பான பூட்ஸ்ட்ராப் 5 இன்றைக்கும் நல்ல தெரிவு. டெய்ல்விண்ட் என்ற இன்னொரு தொகுப்பும் நல்ல சாமான்தான். ஆனால் சிஎஸ்எஸ் அத்திவாரம் இல்லாமல் அதில் இறங்கினால் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் ஆகிவிடும்.

பூட்ஸ்ட்ராப்பின் பலம் அதன் 12 நிரல் அமைப்பு. கன்டெய்னர் என்ற வெளிப்பெட்டிக்குள் ரோ (வரிசை), ரோவுக்குள் கோல் (நிரல்). அறை அட்டை ஒவ்வொன்றுக்கும் கோல்-12, கோல்-எம்டி-6, கோல்-எல்ஜி-4 என்று மூன்று கிளாஸ் (பாணிப் பெயர்) கொடுத்தால் போனில் ஒன்றின் கீழ் ஒன்றாகவும், 768 பிக்சலிலிருந்து இரண்டிரண்டாகவும், 992 இலிருந்து மும்மூன்றாகவும் நிற்கும். ‘எம்டி’ என்றால் டெப்லெட்டுக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல, அந்த அகலமும் அதற்கு மேலும். கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளுக்கும் ஏழு அட்டை வைத்தால் 3, 3, 1 என்று கடைசி அட்டை இடப்பக்கம் ஒதுங்கித் தனித்து நிற்கும். ரோவில் ஜஸ்டிஃபை-கன்டென்ட்-சென்டர் சேர்த்தால் அது நடுவுக்கு வரும்.

பக்கம் போனில் எறும்பு எழுத்தாகத் தெரிந்தால் ஹெட் பகுதியில், திரையின் அகலத்துக்குப் பக்கத்தைப் பொருத்தச் சொல்லும் வியூபோர்ட் வரி விடுபட்டிருக்கும். பக்கவாட்டில் அசைந்தால் பெரும்பாலும் ரோ கன்டெய்னருக்கு வெளியே கிடக்கிறது: ரோவுக்கு இரு பக்கமும் மைனஸ் 12 பிக்சல் மார்ஜின் (வெளி இடைவெளி) உண்டு, அதை ஈடுகட்டுவது கன்டெய்னரின் பேடிங்தான் (உள் இடைவெளி). படத்தைப் பெட்டிக்குள் அடக்கும் ஐஎம்ஜி-ஃப்ளூயிட் (img-fluid) கிளாஸைப் போட மறந்தாலும் இதே கோலம்தான்.

பழகுபவரை அதிகம் அலைக்கழிப்பது பழைய வீடியோக்கள். 2021 மே மாதம் வந்த 5ஆம் பதிப்பு ஜேகுவரி என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தைக் கைவிட்டது. இடது, வலது மார்ஜினுக்கான எம்எல், எம்ஆர் என்பவை எம்எஸ், எம்இ ஆயின. மெனு போன்றவற்றைத் திறக்கச் சொல்லும் டேட்டா-டாகிள், டேட்டா-பிஎஸ்-டாகிள் ஆயிற்று. மெனு பொத்தானை அழுத்தியும் திறக்கவில்லையென்றால் முதலில் இதைப் பாருங்கள், அடுத்து பூட்ஸ்ட்ராப்பின் ஜாவாஸ்கிரிப்ட் கோப்பான பண்டில் ஜேஎஸ் இணைந்திருக்கிறதா என்று. இணையம் விட்டு விட்டு வரும் இடமென்றால் கோப்புகளை இணையத்திலிருந்தே எடுத்துத் தரும் சிடிஎன் இணைப்பை நம்பாமல் கோப்புகளை இறக்கி வேலைக் கோப்புறையிலேயே வைத்துக்கொள்வது நிம்மதி. சொந்த சிஎஸ்எஸ்ஸை பூட்ஸ்ட்ராப்பின் சிஎஸ்எஸ்ஸுக்குப் பிறகுதான் இணைக்க வேண்டும், முன்னே வைத்தால் உங்கள் நிறங்களை பூட்ஸ்ட்ராப் விழுங்கிவிடும்.

இனி குறை. இது ஆங்கில எழுத்தை மனதில் வைத்து அளந்த சட்டை. தலைப்புகளின் வரி உயரம் 1.2, இரண்டு வரித் தலைப்பில் மேல்வரியின் ‘கூ’ கீழ்வரியின் ‘கீ’யோடு முட்டப் பார்க்கும். 1.5 ஆக்கினால் மூச்சு விடும். மிகப் பெரிய தலைப்புக்கான டிஸ்பிளே-1 கிளாஸ் இன்னும் மோசம். 360 பிக்சல் போனில் அதன் எழுத்து சுமார் 42 பிக்சல், கன்டெய்னரின் பேடிங் போக மிஞ்சும் இடம் 336. ‘திருக்கோணமலை’ என்ற ஒற்றைச் சொல்லே அதற்குள் அடங்குவது சந்தேகம். டிஸ்பிளே-5 என்றால் 30 பிக்சல், தாராளமாக அடங்கும். நீண்ட சொல்லை உடைக்கும் டெக்ஸ்ட்-பிரேக் போட்டும் தப்பலாம், ஆனால் ஊர்ப் பெயரை நடுவில் முறித்துப் போடுவது கண்ணுக்கு அழகில்லை. எழுத்துருவில் நோட்டோ சான்ஸ் தமிழை முதலில் வையுங்கள். பூட்ஸ்ட்ராப்பின் இயல்புப் பட்டியலில் தமிழுக்கென்று எதுவும் இல்லாததால் சாதனத்துக்குச் சாதனம் எழுத்து மாறும்.

படிவத்தில் மிதக்கும் லேபிளை, அதாவது பெட்டிக்குள்ளேயே நிற்கும் லேபிளை, தவிர்த்துவிடுங்கள். ‘பெயர்’ அழகாக நிற்கும். ‘வந்து சேரும் திகதி’யும் ‘புறப்படும் திகதி’யும் அரை அகலப் பெட்டிகளில் பக்கத்துப் பக்கத்தில் வந்தால் சின்னப் போனில் வால் அறுந்து மூன்று புள்ளியாகிவிடும். லேபிளைப் பெட்டிக்கு மேலே தனி வரியாக வைத்தால் முழுச்சொல்லும் தெரியும்.