உருண்டைக் குழலா, திருகு குழலா? சளி கழிக்கும் கருவி பற்றி

மெடிக்கல் ஷாப்பில் “சளி எடுக்க ஊதுற கருவி” என்று மட்டும் கேட்டால், மூன்று பந்து உள்ள பிளாஸ்டிக் பெட்டியை எடுத்து நீட்டினாலும் நீட்டுவார்கள். அது வேறு. அதில் மூச்சை உள்ளே இழுக்க வேண்டும். ஆபரேஷனுக்குப் பிறகு நுரையீரல் விரியக் கொடுப்பது. சளியை உலுக்கும் அதிர்வு அதில் கிடையாது.

இங்கே சொல்வது புகைபிடிக்கும் பைப் போன்ற வடிவில் வரும் உருண்டைக் குழல். வாய்ப்பகுதி, உள்ளே ஒரு கூம்பு, அதில் கனமான எஃகு உருண்டை, மேலே துளையிட்ட மூடி, அவ்வளவுதான். ஊதும்போது உருண்டை எழும்பி எழும்பி விழும். அந்த அதிர்வு மூச்சுக்குழாய்ச் சுவரிலிருந்து சளியைப் பிரிக்கும். உருண்டை தடுப்பதால் உண்டாகும் எதிர் அழுத்தம், மூச்சுக்குழாய்கள் பாதியில் மூடிக்கொள்ளாமல் தாங்கும். பழைய டி.பி.க்குப் பின் வரும் பிராங்கியெக்டாசிஸ் (மூச்சுக்குழாய் விரிந்துபோய்ச் சளி தேங்கும் நோய்) உள்ளவர்களுக்கும், சளி அதிகமுள்ள சி.ஓ.பி.டி. (நாள்பட்ட மூச்சடைப்பு நோய்) உள்ளவர்களுக்கும் இது உதவும். சளியே இல்லாமல் மூச்சு மட்டும் வாங்குகிறவருக்கு வெட்டிச் செலவு.

சாய்வில்தான் சூட்சுமம். நிமிர்ந்து உட்கார்ந்து, குழலைக் கிடைமட்டமாகப் பிடித்து, மற்றொரு கையை நெஞ்சில் வைத்து ஊதுங்கள். கொஞ்சம் மேலே, கொஞ்சம் கீழே சாய்த்துப் பார்த்து, நெஞ்சு அதிகம் அதிரும் இடத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். கன்னம் மட்டும் படபடத்தால் வேலை வீண். கன்னத்தை இறுக்கி வையுங்கள்.

வழக்கத்தைவிடச் சற்று ஆழமாக மூச்சிழுத்து, 2-3 நொடி அடக்கி, சீராக ஊத வேண்டும். பலூன் ஊதுவது போல் முட்டி ஊதக் கூடாது. சுமார் 10 மூச்சுக்குப் பின், மூக்குக் கண்ணாடியைத் துடைக்க ஆவி விடுவோமே, அதுபோல வாயைத் திறந்து “ஹா” என்று 2-3 முறை. பிறகுதான் இருமல். பலர் இந்த “ஹா”வை விட்டுவிட்டு, கருவியில் பலனில்லை என்கிறார்கள். ஒரு வேளைக்கு 10-15 நிமிடம், நாளுக்கு இருவேளை; வயிறு நிறைந்திருக்கும்போது வேண்டாம். மூச்சுக்குழாயை விரிக்கும் இன்ஹேலர் இருந்தால் அது முதலில். தலை சுற்றினாலோ விரல் மரத்தாலோ, வேகமாக ஊதுகிறீர்கள் என்று பொருள். சளியில் ரத்தம் வந்தாலோ, நுரையீரலைச் சுற்றிக் காற்று புகுந்த நிலை இருந்தாலோ, தொடவே கூடாது.

படுத்தபடியே இருப்பவருக்கு உருண்டைக் குழல் சரிப்படாது. காந்தத்தில் இயங்கும் திருகு வகை எந்தச் சாய்விலும் அதிரும்; அதையே வாங்குங்கள். நாமாக நேராக உட்கார முடிந்தால் உருண்டையே போதும்.

இந்தக் கருவியின் பெரிய குறை, நம் ஊர் ஈரக்காற்று. ஐப்பசி மழையில் குழலைக் கழுவி அப்படியே டப்பாவில் மூடினால் பூஞ்சை பிடிக்கும். கூம்பில் சளி ஒட்டினால் உருண்டை நகராது. தினமும் கழற்றி, சோப்புத் தண்ணீரில் அலசி, ஃபேனுக்கு அடியில் முழுதாகக் காய விடுங்கள். ஒருவர் குழல் ஒருவருக்குத்தான்.

புதுச்சேரி ஜிப்மருக்கோ கோரிமேடு மார்பு நோய் மருத்துவமனைக்கோ அடுத்த முறை போகும்போது குழலையும் பையில் போட்டுக்கொண்டு போய், ஒருமுறை டாக்டர் எதிரிலேயே ஊதிக் காட்டிவிடுங்கள்.