அம்மாவின் வீட்டில் விழுந்த லீனும் அந்த அரை மணி நேரமும்

ஸ்காபரோவில் அம்மாவின் வீட்டு மோர்கேஜைப் புதுப்பிக்கப் போனபோதுதான் விஷயம் தெரிந்தது. வீட்டின் மீது 13,000 டொலருக்கு ஒரு லீன், அதாவது வேலைக்காசு பாக்கி என்று வீட்டின் மீதே பதியும் உரிமைக் கோரல், பதிவாகியிருந்தது. பதிந்தவர் பெரியம்மாவின் மகன். பேஸ்மென்ட் வேலை செய்தவர். 28,000 என்று வாயால் பேசி, அதை முழுவதும் வாங்கிய பிறகு 41,000 என்று நின்றார். கனடாவுக்கு வந்த முதல் இரண்டு வருடமும் அவர் சாப்பிட்டது அம்மாவின் சமையலைத்தான். காசை விட அதை நினைத்துத்தான் அம்மா அழுதார்.

ஒன்ராறியோவில் சட்டத்தரணிகளை ஒழுங்குபடுத்தும் லோ சொசைட்டி ஒரு பரிந்துரைச் சேவை நடத்துகிறது. இணையத்தில் படிவம் நிரப்பினால், அந்தத் துறை தெரிந்த ஒருவரின் பெயர் கிடைக்கும். அவரோடு 30 நிமிடம் வரை இலவசமாகப் பேசலாம். கடிதம் எழுதுவது, கோர்ட்டுக்குப் போவது எல்லாம் இதில் சேராது, அதற்குத் தனிக் கட்டணம். அப்படியிருந்தும் நான் ஐந்து நட்சத்திரமும் கொடுப்பேன்.

எங்களுக்குக் கிடைத்த சட்டத்தரணி தொலைபேசியில் முதலில் காசைப் பற்றிக் கேட்கவில்லை. "வேலை முடிந்த திகதி என்ன?" என்றுதான் கேட்டார். எழுத்தில் ஒப்பந்தம் இல்லாவிட்டாலும், கோர்ட் தீர்ப்பு இல்லாமலே வேலை செய்தவர் லீன் பதியலாமாம். ஆனால் வேலை முடிந்த அல்லது கைவிடப்பட்ட நாளிலிருந்து 60 நாளுக்குள் பதிய வேண்டும். (45 நாள் என்று எனக்கு ஒருவர் அடித்துச் சொன்னார். அது 2018 ஆடிக்கு முந்திய கணக்கு.) அதற்குப் பிறகு 90 நாளுக்குள் வழக்கும் தொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் லீன் காலாவதி.

அம்மா தமிழ்க்கடைக் கலண்டரைச் சுவரிலிருந்து கழற்றிக்கொண்டு வந்தார். ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் பென்சிலில் குட்டி எழுத்து: கொடுத்த காசு, வந்த ஆட்கள், குடித்த தேத்தண்ணி கூட. மார்கழி 14இல், "பெடியன் ஏணியையும் கொண்டு போயிட்டான்." லீன் பதிந்தது மாசி 20. நான் விரல் விட்டு எண்ணினேன், 68 நாள்.

"அதற்குப் பிறகு வேலைக்கு வந்தாரா?" என்று சட்டத்தரணி இரண்டு தரம் கேட்டார். நான் அம்மாவிடம் தமிழில் கேட்டேன். "பொங்கலுக்கு வந்து புக்கை சாப்பிட்டவன். ஒரு ஆணி கூட அடிக்கேல்லை" என்றார் அம்மா. அதை அப்படியே மொழிபெயர்த்தேன்.

மதிப்பீடு சொன்ன தொகையை விட 10 சதவீதத்துக்கு மேல் கேட்க நுகர்வோர் சட்டம் விடாது, புது வேலைக்கு நாங்கள் சம்மதித்திருந்தால் ஒழிய, என்றும் விளக்கினார். தெரிந்துகொண்டே தொகையைக் கூட்டி லீன் பதிந்தால் பதிந்தவர்தான் நட்டஈடு கட்ட வேண்டி வரும். வீட்டை அவசரமாக விடுவிக்க வேண்டுமென்றால் லீன் தொகையோடு அதன் 25 சதவீதத்தையும் கோர்ட்டில் கட்டலாம். எங்களுக்கு அந்த அளவுக்குப் போகத் தேவைப்படவில்லை.

அப்புறம் அதே சட்டத்தரணிக்குக் காசு கொடுத்து ஒரு கடிதம் அனுப்பினோம். இரண்டு கிழமையில் அண்ணா லீனைத் தானே நீக்கிப் பதிந்துவிட்டார். லோண்டரி அறையில் அவர் கூடுதலாகச் செய்த குழாய் வேலை உண்மை, அதற்கு 2,300 டொலர் கொடுத்து கையெழுத்து வாங்கினோம். அதைக் கொடுக்கத்தான் வேண்டும் என்று நின்றவர் அம்மா.

இந்தச் சேவையை எடுப்பவர்கள் திகதிகளை ஒரு தாளில் வரிசையாக எழுதி வைத்துக்கொண்டு பேசுங்கள். எங்கள் அரை மணியில் பத்து நிமிடம் கலண்டரைப் புரட்டுவதிலேயே போய்விட்டது.

இப்போது கூரை மாற்ற வேண்டும். இந்த முறை எழுத்தில் ஒப்பந்தம். சட்டப்படி ஒப்பந்தக் காசில் 10 சதவீதத்தை, லீன் பதியும் அந்த 60 நாளும் கழியும் வரை கொடுக்காமல் பிடித்து வைக்கப் போகிறோம். அம்மா புதுக் கலண்டருக்குப் பக்கத்தில் பென்சிலை நூலில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்.