புது கோரலுக்கு எந்த டிப்? பேயர், கோரல் ஆர்எக்ஸ், அயோடின், பொட்டாசியம்: எது எதுக்கு ஆகும்

புதுசா வாங்குன கோரலை (பவளம்) உப்புத்தண்ணி டேங்க்ல வைக்கிறதுக்கு முன்னாடி, பூச்சி போக கொஞ்ச நேரம் மருந்துத் தண்ணியில முக்கி எடுக்கிறதுதான் டிப். அதைப் பத்தி பேச ஆரம்பிச்சாலே "எது பெஸ்ட்"னுதான் கேக்குறாங்க, ஒரு பாட்டில் பேரைச் சொல்லிட்டா வேலை முடிஞ்சுதுன்னு நினைப்பு. அப்படி ஒரு பாட்டில் கிடையாதுங்க. அக்ரோ (அக்ரோபோரா, கிளை கிளையா வளர்ற கோரல்) மேல ஒட்டிக்கிட்டிருக்கிற தட்டைப்புழுவை உதிர வைக்கிற மருந்து ஜோவா (பூ மாதிரி கூட்டமா வளர்ற உயிரி) கூட வர்ற சன்டயல் நத்தையை ஒண்ணும் பண்ணாது, அது ஓட்டுக்குள்ள போய் கதவை மூடிக்கும், நாமதான் இடுக்கியால எடுக்கணும். காயத்துக்குப் போடுற அயோடினை நம்பி புழுவை விரட்டலாம்னு இறங்குனா புழு கொஞ்சம் பிரவுன் கலராகும், அவ்வளவுதான்.

எல்லா டிப்புக்கும் அடிப்படை ஒண்ணுதான்: பூச்சியால தாங்க முடியாததை கோரல் கொஞ்ச நேரம் தாங்கணும், அந்த இடைவெளிதான் நம்ம டிப். அதனாலதான் எய்ப்டேசியாவுக்கு (களை மாதிரி பரவுற அனிமோன்) டிப்பே இல்ல, அது கோரலுக்கு உறவுக்காரன், அதைக் கொல்ற அளவுக்கு டோஸ் ஏத்துனா கோரலும் கூடவே போயிடும். ப்ளக்ல (கோரல் ஒட்டியிருக்கிற சின்ன அடிக்கட்டை) எய்ப்டேசியா இருந்தா டிப்பை யோசிக்காதீங்க, ப்ளக்கையே வெட்டித் தூக்கிப் போடுங்க.

முதல்ல பேயர். இதான் எப்பவும் சண்டை வர்ற இடம். தோட்டத்துப் பூச்சிக்கு அடிக்கிற மருந்து, உள்ள இமிடாக்ளோப்ரிட், பீட்டா சைஃப்ளூத்ரின்னு ரெண்டு சரக்கு, ரெண்டுமே நரம்புல கை வைக்கும், ஒண்ணு நரம்போட ரிசெப்டரைப் பிடிச்சுக்கும், இன்னொண்ணு சோடியம் சேனலை மூட விடாது, பூச்சி துடிச்சு பிடியை விட்டுடும். இப்போ அது பயோஅட்வான்ஸ்ட்னு வேற பேர்ல வருது, ஆனா ரீஃப் (கோரல் டேங்க்) ஆளுங்க வாயில இன்னும் பேயர்தான். வாங்கும்போது பேரைப் பாக்காதீங்க, பின்னாடி இந்த ரெண்டு சரக்கு மட்டும்தான் இருக்கான்னு பாருங்க, களைக்கொல்லியோ உரமோ கலந்த வகையெல்லாம் இருக்கு. ஒரு கப் டேங்க் தண்ணிக்கு 10 மில்லி, 5ல இருந்து 10 நிமிஷம், இதுதான் பெரும்பாலும் எல்லாரும் போடுறது. தண்ணி பால் மாதிரி வெள்ளையாயிடும், உள்ள என்ன உதிருதுன்னே தெரியாது, அது ஒரு எரிச்சல். ஆனா எஸ்பிஎஸ்க்கு (பாலிப்னு சொல்ற வாய்கள் சின்னதா இருக்கிற கல் கோரல், அக்ரோ மாதிரி) இதுதான் என் முதல் சாய்ஸ். ரெட் பக் (அக்ரோ மேல வர்ற பொடிப் பூச்சி), தட்டைப்புழு, மோண்டி நுடிப்ராங்க் (மோண்டிபோரா கோரலைத் தின்னுற ஓடில்லாத நத்தை) மூணுலயும் இது அளவுக்கு கை கொடுக்கிற, அதே நேரம் அக்ரோ இவ்வளவு அலட்டாம தாங்குற இன்னொண்ணை நான் பாக்கல. டிப் முடிச்சு டேங்க்ல வச்ச கொஞ்ச நேரத்துல பாலிப் விரியும்.

கெட்டதும் சொல்லணும்ல. லேபிள்ல இந்த வேலைக்குன்னு எங்கயும் எழுதல, நீங்களா எடுக்கிற ரிஸ்க்தான். மீன், இறால், நண்டு எல்லாத்துக்கும் கடுமையான விஷம், அதனால கையில கிளவுஸ், கண்ணுக்குக் கண்ணாடி, அப்புறம் மூணு தனித்தனி பாத்திரத்துல அலசணும், அலசுற தண்ணியையும் டேங்க்ல ஊத்தக் கூடாது. குளம், ஓடைக்குப் போற வடிகால்ல ஊத்துறது இன்னும் மோசம். அக்ரோ கிளைக்குள்ள குட்டி நண்டு ஒளிஞ்சிருந்தா முன்னாடியே வெளிய எடுத்துடுங்க, அது கோரலுக்குக் காவல்காரன், கெட்டவன் இல்ல.

கோரல் ஆர்எக்ஸ், ரிவைவ் ரெண்டும் செடி எண்ணெய் வகை, திறந்தாலே பினாயில் வாடை அடிக்கும். ரீஃப்காகவே செஞ்சது, டோஸ் பாட்டில்லயே இருக்கு, தண்ணியும் பேயர் அளவுக்கு மறைக்காது, அதனால கீழ விழுறதைப் பாக்கலாம், இது சின்ன விஷயம் இல்ல, ஏன்னா என்ன விழுதுன்னு தெரிஞ்சாதான் அடுத்து என்ன செய்யணும்னு தெரியும். யூஃபிலியா, அகான், மஷ்ரூம் மாதிரி சதைப்பிடிப்பான கோரல்ல பழுப்பு கலர் பிளானேரியா (ஒரு வகை தட்டைப்புழு), பிரிஸில் வார்ம் (முள்முடி இருக்கிற புழு) எல்லாம் இதுல நல்லா உதிரும். ஆனா நேரத்தை மீறுனா எல்பிஎஸ் (பெரிய பாலிப் இருக்கிற கல் கோரல்) சதை சுருங்கி அன்னிக்கு முழுக்க அப்படியே உக்காந்திருக்கும். ரெண்டுல எதுன்னு கேட்டா பெரிய வித்தியாசம் இல்ல, கையில கிடைக்கிறதை எடுங்க. ரெட் பக்குக்கு மட்டும் இதை நம்பி இருக்காதீங்க.

அயோடின், அதாவது லூகால்ஸ் மாதிரி சொல்யூஷன், அது ஆன்டிசெப்டிக், பூச்சி மருந்து இல்ல. புதுசா வெட்டுன ஃப்ராக் (கோரல் துண்டு), வழியில அடிபட்டு சதை கிழிஞ்ச கோரல், பிரவுன் ஜெல்லி நோய் வந்து மிச்சம் பிழைச்ச தலை, இதுக்கெல்லாம் நல்லது. டீ டிகாஷனை விட லைட்டான கலர்ல 10 நிமிஷம் போதும்.

பொட்டாசியம் குளோரைடு டிப் பத்தி அதிகம் பேச மாட்டாங்க, ஆனா நல்ல சரக்கு. தண்ணியில பொட்டாசியம் திடீர்னு ஏறுனா புழுவோட தசை, நரம்பு எல்லாம் கட்டுப்பாடு இழந்து சுருண்டுக்கும், பிடி போயிடும். சாகுறதை விட உதிருறதுதான் அதிகம், அதனால பேஸ்டரால (ரப்பர் பல்பு வச்ச பெரிய டிராப்பர்) ஊதி ஊதி அடிக்கணும், சும்மா ஊற வச்சா பாதிதான் வேலை நடக்கும். விஷம்னா பயப்படுறவங்களுக்கு, வீட்ல சின்னப் பசங்க இருக்கிறவங்களுக்கு, பேயர் வேண்டாம்னா நான் இதைத்தான் சொல்வேன்.

ஹைட்ரஜன் பெராக்ஸைடு பாசிக்கு. ஜோவா ப்ளக்ல முடிப்பாசி வந்தா 3% பெராக்ஸைடை டேங்க் தண்ணியில கலந்து கொஞ்ச நேரம் முக்கி எடுத்தா பாசி நுரைச்சு ஒண்ணு ரெண்டு நாள்ல வெளுத்துடும். அக்ரோவை இதுல முக்காதீங்க. நல்ல தண்ணி டிப்பும் அதே கதைதான், ஜோவா சில நிமிஷம் தாங்கும், உப்பு வித்தியாசத்துல தட்டைப்புழு வெடிச்சுடும், எஸ்பிஎஸ்ஸோ சதையையே இழந்துடும். ஜோவான்னு வந்துட்டதால ஒண்ணு, அதுல பாலிடாக்ஸின்ங்கிற கடும் விஷம் இருக்கலாம், எந்த டிப் பண்ணாலும் கிளவுஸும் கண்ணாடியும் இல்லாம தொடாதீங்க. ஜோவா நுடிப்ராங்க் தின்ன ஜோவாவோட கலரையே எடுத்துக்கும், மேலோட்டமா பாத்தா பாலிப் மாதிரியே இருக்கும், பாவாடை மடிப்புக்கு அடியில டார்ச் அடிச்சுப் பாக்கணும்.

இன்டர்செப்டர்னு நாய்க்குக் கொடுக்கிற மாத்திரை, உள்ள மில்பெமைசின் ஆக்ஸைம், ரெட் பக்குக்கு சொல்லி அடிக்கும். கால்நடை டாக்டர் சீட்டு கேப்பாங்க, அதனால தேடிப் போறது அலைச்சல். முழு டேங்குக்கே ரெட் பக் பரவுனவங்களுக்குத்தான் இது, அப்பவும் இறால், நண்டு, நல்ல கோப்பிபாட் (தண்ணியில வாழ்ற பொடி உயிரி) எல்லாம் போயிடும்.

இவ்வளவு அலசுனதுக்கு அப்புறமும் எந்த பாட்டிலும் ஜெயிக்காத ஒரு இடம் இருக்கு, முட்டை. மேல சொன்ன எதுவும் தட்டைப்புழு முட்டையையோ நுடிப்ராங்க் முட்டையையோ நம்பிக்கையா கொல்லாது. அக்ரோ தட்டைப்புழு சதை இல்லாத வெறும் எலும்புல, அடிப்பக்கமா, பிரவுன் கலர்ல கொத்தா முட்டை வைக்கும், தண்ணியோட சூட்டைப் பொறுத்து ஒன்றரை வாரத்துல இருந்து மூணு வாரம் வரைக்கும் பொரிஞ்சுக்கிட்டே வரும். இன்னிக்கு பேயர்ல முக்கி ஒரு புழு கூட விழலைன்னு சந்தோஷமா டேங்க்ல வச்சீங்கன்னா அடுத்த மாசம் அக்ரோ முழுக்க வட்ட வட்டமா கடிச்ச தடம் இருக்கும். அதனால என் கணக்குல டிப் பாதி வேலை, மீதி கத்தியும் பொறுமையும். வந்த ப்ளக்கை உடைச்சு எறிஞ்சுட்டு, செத்த அடிப்பகுதியை வெட்டிட்டு, உயிர் சதை இருக்கிற துண்டை மட்டும் புது ப்ளக்ல ஒட்டுங்க. தனி டேங்க்ல வச்சு வாரத்துக்கு ஒரு தடவைன்னு ஆறு வாரம் டிப் பண்ணா முதல் தடவை தப்பிச்ச முட்டையில இருந்து வர்றது முட்டை போடுற வயசுக்கு வர்றதுக்குள்ள மாட்டிக்கும். தனி டேங்க் இல்லைன்னா அக்ரோ வாங்குறதையே கொஞ்சம் தள்ளிப் போடுங்கன்னுதான் சொல்வேன். சாஃப்டி (கல் எலும்பு இல்லாத மென்மையான கோரல்), எல்பிஎஸ் மட்டும் வைக்கிறவங்க இவ்வளவு கஷ்டப்பட வேண்டியதில்ல, ஒரு ரிவைவ் டிப், டார்ச் அடிச்சு ஒரு பார்வை, ப்ளக் மாத்துறது, பெரும்பாலும் அதுவே போதும்.

எதைப் போட்டாலும் டிப் தண்ணியோட சூடும் உப்பும் டேங்க் தண்ணி மாதிரியே இருக்கட்டும், வெள்ளைப் பாத்திரம் எடுங்க, அப்பதான் விழுறது கண்ணுல படும். அனிமோன், க்ளாம் ரெண்டையும் இதுல எதுலயும் முக்காதீங்க. ரெண்டு மருந்தை ஒரே கப்புல கலந்து நேரத்தை மிச்சம் பண்ற ஐடியாவும் வேண்டாம், பேயர் ஒரு நாள் போட்டா அயோடினை சில நாள் விட்டுப் போடலாம்.