நத்தத்து வீடா, புன்செய் நிலத்து வீடா?

தமிழ்நாட்டுக் கிராமங்களில் தோட்டத்தோடு வீடு தேடினால், ஊர்க் குடியிருப்புக்கென ஒதுக்கிய நத்தத்திலோ மானாவாரி விவசாய நிலமான புன்செய்யிலோதான் பெரும்பாலும் அமையும். புன்செய் நிலத்து வீட்டுக்குப் பட்டா, நில அளவைக் காட்டும் புல வரைபடம் இரண்டையும் எளிதில் சரிபார்க்கலாம். கட்டட அனுமதியும் வண்டிப்பாதை உரிமையும் மட்டுமே உறுத்தும்.

நத்தத்தில் தொல்லை அதிகம். தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்தவர்கள் எதையும் பதிவு செய்யாமலே விட்டிருக்கலாம். அப்போது, பதிவான பரிமாற்றங்களைப் பட்டியலிடும் வில்லங்கச் சான்றிதழ் வெறுமையாக வரும்; தரகர் அதையே நற்சான்றாக நீட்டுவார்! வாய்மொழிப் பாகப்பிரிவினை அதில் ஏறாது. ஆகவே நத்தம் பட்டாவுடன் வாரிசுச் சான்றிதழும் கேளுங்கள். இந்துக் குடும்பம் என்றால் மகள்களின் கையெழுத்தும் அவசியம். இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005 திருத்தம் பூர்விகச் சொத்தில் அவர்களுக்கும் சம பங்கு தந்திருக்கிறது. பங்காளிகள் எல்லோரும் கையெழுத்திட வராத வீட்டுக்கு, விலை எவ்வளவு குறைந்தாலும், நான் முன்பணம் தரமாட்டேன்.