பிரான்சஸ் மேரியனா, அனிதா லூஸா?

ஹாலிவுட் மௌனப்பட எழுத்தாளர்களில் யாரிடமிருந்து தொடங்கலாம்? என் ஓட்டு மேரியனுக்குத்தான்.

லூஸின் பலம் வசன அட்டை, அதாவது மௌனப்படத்தில் காட்சிகளுக்கு நடுவே திரையில் வரும் எழுத்து. 1916-இல் இயக்குநர் கிரிஃபித்தின் ‘இன்டாலரன்ஸ்’ படத்துக்கு அட்டைகள் எழுதியவர். துள்ளலான எழுத்து, படிக்கவே சுகம்.

மேரியனோ அட்டையே தேவைப்படாத காட்சியை யோசிப்பவர். நாவலிலிருந்து அவர் திரைக்கதையாக்கிய ‘தி விண்ட்’ (1928) படத்தில், நடிகை லிலியன் கிஷ் தான் கொன்றவனை மணலில் புதைக்கிறார். காற்று அடிக்க அடிக்க மணல் விலகுகிறது. ஜன்னல் வழியே பார்த்தபடி நிற்கிறார். அந்தக் கண்களை எந்த வசனம் சொல்லிவிடும்!

பேசும்படம் வந்தபோதும் மேரியன் தளரவில்லை. ‘தி பிக் ஹவுஸ்’ எழுத சான் குவென்டின் சிறைக்கே போய்ப் பார்த்தார், ஆஸ்கர் கிடைத்தது. அப்புறம் ‘தி சாம்ப்’ கதைக்கு இன்னொன்று.