கிழக்கு மலைப் பிள்ளைகளுக்கு எந்தப் புத்தகம்? போரும் இடப்பெயர்வும் பேசும் சிறுவர் நூல்கள்

கேரளத்தின் கொல்லம் மாவட்டத்தில் புனலூர், குளத்துப்புழை, ஆயிரநல்லூர் பக்கத்து ரப்பர் எஸ்டேட்டுகளில் வளரும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இடப்பெயர்வு பற்றிய கதைப் புத்தகம் வாங்கப் போகிறவர் முதலில் ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். இந்தப் பிள்ளைகளின் தாத்தா பாட்டிகளில் பலர் குண்டுக்குப் பயந்து ஓடிவந்தவர்கள் இல்லை, ஒரு கையெழுத்தால் அனுப்பப்பட்டவர்கள். 1948-இல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம் மலையகத் தோட்டத் தொழிலாளர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30-இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தத்தில் 9,75,000 பேர் கணக்கில் வந்தார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 1,50,000 பேரை 1974-இல் இரண்டு அரசுகளும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டன. அப்படி வந்த குடும்பங்களில் ஒரு பகுதிக்கு வேலை கொடுக்கத்தான் 1976-இல் மத்திய அரசும் கேரள அரசும் சேர்ந்து புனலூரில் ரீஹாபிலிட்டேஷன் பிளான்டேஷன்ஸ் கம்பெனியைத் தொடங்கின. அட்டன், பதுளைப் பக்கம் தேயிலைக் கொழுந்து எடுத்த கை இங்கே வந்து ரப்பர் பால்வெட்டுக் கத்தி பிடித்தது.

ஆகவே இங்கே ஒரு புத்தகத்தை எடைபோட எங்களுக்கு இருக்கும் அளவுகோல் ஒன்றுதான்: மூடி வைத்த பிறகு பிள்ளை நேராக அப்பாயியிடமோ தாத்தாவிடமோ போய் ஏதாவது கேட்கிறதா? அழவைக்கிறதா, விருது வாங்கியதா என்பதெல்லாம் அதற்கு அப்புறம்.

அந்த அளவுகோலில் முதலில் நிற்பது ஷான் டான் வரைந்த ‘தி அரைவல்’. 2006-இல் ஆஸ்திரேலியாவில் வெளிவந்தது. 128 பக்கம், வாசிக்க ஒரு சொல்கூட இல்லை. எல்லாமே பழைய போட்டோ நிறத்தில் பென்சில் படங்கள். நம் பக்கத்துப் பிள்ளைகளில் பலருக்கு வீட்டுப் பேச்சு தமிழ், பள்ளிக்கூட எழுத்து மலையாளம். தமிழ்ப் புத்தகம் கொடுத்தால் எழுத்துக் கூட்டுவதிலேயே மூச்சு போய்விடும். மலையாளப் புத்தகம் கொடுத்தால் பாட்டியோடு உட்கார்ந்து படிக்க முடியாது. இந்தப் புத்தகத்தில் அந்தத் தடை இரண்டுமே இல்லை. எழுதப் படிக்கத் தெரியாத பெரியவரும் ஏழு வயதுப் பேரனும் ஒரே பக்கத்தைச் சமமாகப் பார்க்கலாம்.

முதல் பக்கத்தில் ஒன்பது சின்னப் படங்கள். காகிதப் பறவை, கடிகாரம், தொப்பி, பாத்திரம், பிள்ளை வரைந்த படம், விரிசல் விட்ட தேநீர்க் கெண்டி, ஆவி பறக்கும் கோப்பை, பெட்டி, குடும்பப் போட்டோ. ஒரு வீடு காலியாகப் போகிறது என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. பிறகு அந்த மனிதன் மனைவியையும் மகளையும் விட்டுவிட்டுக் கப்பல் ஏறுகிறான். புது ஊரில் வரிசையில் நிற்க வைக்கிறார்கள், உடம்பைச் சோதிக்கிறார்கள், சட்டையில் சீட்டுக் குத்துகிறார்கள், என்னவோ கேட்கிறார்கள், அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. தலைமன்னாரில் ‘ராமானுஜம்’ கப்பல் ஏறி, மண்டபம் கேம்ப்பில் குடும்ப அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு காத்துக் கிடந்தவர்கள் இந்தப் பக்கத்தைக் கடந்து போக மாட்டார்கள். இன்னொரு இடத்தில் அவனுக்குச் சுவரொட்டி ஒட்டும் வேலை கிடைக்கிறது. அந்த ஊர் எழுத்து தெரியாததால் எல்லாவற்றையும் தலைகீழாக ஒட்டிவிடுகிறான். பஸ் போர்டில் மலையாளம் படிக்கத் தெரியாமல் புனலூர் ஸ்டாண்டில் நின்ற தலைமுறைக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

குறையும் உண்டு. பல பக்கங்களில் 12 சின்னச் சின்னப் படங்கள். 20 பிள்ளைகளை உட்கார வைத்துத் தூக்கிக் காட்டினால் பின்வரிசைக்கு ஒன்றும் தெரியாது. நாலைந்து பேருக்கு மேல் சேர்க்காதீர்கள். பாயில் வட்டமாக உட்கார்ந்து, நடுவில் புத்தகத்தை விரித்து வையுங்கள். ஒரு தடவைக்கு 20 நிமிடம் போதும், மொத்தப் புத்தகமும் ஒரே மூச்சில் வேண்டாம். ஊருக்கு மேலே முள்வால் மாதிரி ஒன்று நெளியும் படம் ஆரம்பத்திலேயே வரும். “அது என்ன?” என்று பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். பதில் சொல்லிவிடாதீர்கள். “நீ என்ன நினைக்கிற?” என்று திருப்பிக் கேட்டுவிட்டுக் காத்திருங்கள். போலீஸ், வெள்ளம், பாம்பு, கடன்காரன் என்று என்ன பதில் வந்தாலும் சரிதான். இந்தப் புத்தகத்தோடு உட்காரும் பெரியவர்கள் வழக்கமாகச் செய்கிற தவறு, படத்துக்குப் படம் வசனம் போட்டு ஓட்டுவதும் “இதுதான் சிலோன், இதுதான் இந்தியா” என்று பெயர் ஒட்டுவதும். அப்படிச் செய்தால் புத்தகம் ஐந்தே நிமிடத்தில் தீர்ந்துபோகும், வீட்டுக் கதை வெளியே வராது.

இரண்டாவது, நீனா சப்னானியின் ‘முகுந்த் அண்ட் ரியாஸ்’, தூலிகா வெளியீடு. 1947-இல் கராச்சியில் பிரிந்த இரண்டு நண்பர்களின் உண்மைக் கதை. முகுந்த் என்பது ஆசிரியரின் தந்தை. படங்கள் துணித்துண்டுகளை ஒட்டித் தைத்த வேலைப்பாடு. இந்தியா, பாகிஸ்தான் இரு பக்கத்துப் பெண்களும் செய்கிற கைவேலை அது. ஐந்து வயதிலிருந்தே வாசித்துக் காட்டலாம். சண்டை, ரத்தம் எதுவும் படமாக வருவதில்லை. நேற்றுவரை சேர்ந்து விளையாடியவன் இன்று கப்பல் ஏறுகிறான், போகும்போது நண்பனுக்கு ஒரு பரிசு விட்டுச் செல்கிறான். கோடு போட்டவர்கள் வேறு, பிரிந்தவர்கள் வேறு என்பது பிள்ளைக்கு அதிலேயே புரிந்துவிடும். எங்கள் வீட்டுக் கதைகளுக்கு உலகப்போர்க் கதைகளைவிட இது மிக நெருக்கம். மலையகத்திலிருந்து தலைமன்னாருக்குப் போன ரயிலை ‘அழுகைக் கோச்சி’ என்று பெரியவர்கள் சொல்வார்கள், கோச்சி என்றால் ரயில். ஒரே லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், இருந்தவர்களில் ஒரு வீட்டுக்கு இந்தியா, அடுத்த வீட்டுக்கு இலங்கை என்று பிரிந்து, பிளாட்பாரத்தில் ஒருவரை ஒருவர் விடமாட்டாமல் நின்ற அழுகை அது. வாசித்து முடித்ததும் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: “தாத்தாவோட கூட்டாளி யாராவது அங்கேயே நின்னுட்டாங்களா?” பதில் பெரும்பாலும் ஒரு பெயராக வரும். அந்தப் பெயரிலிருந்து பேச்சைத் தொடங்கலாம்.

மூன்றாவது, டெட்சுகோ குரோயாநாகியின் ‘டோட்டோ-சான்’. ஜப்பானியில் 1981-இல் வந்தது. நேஷனல் புக் டிரஸ்ட் தமிழில் போட்டிருக்கிறது. இதை எல்லாரும் கல்வி பற்றிய புத்தகம் என்றே பரிந்துரைக்கிறார்கள். போர் நினைவு நூலாகவும் இதற்கு ஈடானவை குறைவு. ஏனென்றால் போர் இதில் கதவைத் தட்டிக்கொண்டு வருவதில்லை, கொஞ்சம் கொஞ்சமாகக் கசிகிறது. சாப்பாடு குறைகிறது. பள்ளிக்கூட வேலையாள் ராணுவத்துக்குப் போகிறார். ராக்கி என்ற நாய் காணாமல் போகிறது. கடைசியில் ரயில் பெட்டிகளே வகுப்பறைகளாக இருந்த அந்தப் பள்ளி 1945 விமானத் தாக்குதலில் எரிகிறது. எரிவதைப் பார்த்துக்கொண்டே, அடுத்து எப்படிப்பட்ட பள்ளி கட்டலாம் என்று தலைமை ஆசிரியர் கோபயாஷி மகனிடம் கேட்கிறார். நெரிசலான ரயிலில் ஊரைவிட்டுப் போகும் சிறுமியோடு கதை நிற்கிறது. வாசிப்பு நேரத்தை மிச்சம் பிடிக்க நினைப்பவர்கள் வேடிக்கையான முன்பாதியை மட்டும் வாசித்துவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். அது பெரிய இழப்பு. அத்தியாயங்கள் சின்னவை, ஒரு நாளைக்கு இரண்டு வீதம் தொடர்ந்து வாசித்தால் முடிவுவரை போய்விடலாம். கவிஞர் அன்வர் அலியின் மலையாள மொழிபெயர்ப்பும் கேரளத்தில் பரவலாகக் கிடைக்கிறது. இரண்டு மொழிப் பிரதியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டால் அக்கா மலையாளத்தில் படித்துத் தம்பிக்குத் தமிழில் சொல்வாள். எட்டு, ஒன்பது வயதுக்கு மேல்.

சடாகோ கதை பல வடிவங்களில் சுற்றுகிறது. ஹிரோஷிமாவில் 1945 ஆகஸ்ட் 6-இல் இரண்டு வயதாக இருந்து, ரத்தப் புற்றுநோயால் 1955 அக்டோபர் 25-இல் இறந்த சிறுமி. எலினார் கோயர் 1977-இல் எழுதிய புத்தகத்தில், குணமாக வேண்டி ஆயிரம் காகிதக் கொக்கு மடிக்கத் தொடங்கியவள் 644 கொக்குகளோடு நின்றுவிடுவதாக வரும். ஹிரோஷிமா அமைதி அருங்காட்சியகமும் குடும்பத்தினரும் சொல்வது அவள் ஆயிரத்தைத் தாண்டி மடித்தாள் என்பதே. வாசித்துக் காட்டுகிறவர் இதைச் சொல்லிவிட வேண்டும். உண்மையில் வாழ்ந்த பிள்ளையின் கதை, சோகம் கூட்டுவதற்காகக் கணக்கை மாற்றக் கூடாது. கதை முடிந்த கையோடு கொக்கு மடிக்க உட்காருவதையும் தவிர்க்கலாம். எட்டு வயதுக்குக் கீழே கழுத்தும் வாலும் மடிக்க வராது, தாள் கிழியும், கவனம் முழுக்கத் தாளிலேயே போய்விடும். மடிப்பதென்றால் இன்னொரு நாள், 15 செ.மீ. சதுரத் தாளில்.

நாஜிகளுக்குப் பயந்து குடும்பத்தோடு ஒளிந்திருந்த யூதச் சிறுமி ஆன் ஃபிராங்கின் டைரிக்குப் பன்னிரண்டு வயதாவது ஆகட்டும். வாங்குமுன் கடைசிப் பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள். டைரி 1944 ஆகஸ்ட் 1-ஓடு நிற்கிறது. மூன்று நாளில் பிடிபட்டார்கள், மறு ஆண்டு பெர்கன்-பெல்சன் முகாமில் அவள் இறந்தாள். இந்தப் பின்குறிப்பு இல்லாத சுருக்கப் பதிப்பு வேண்டாம். அது இல்லாவிட்டால் டைரி ஏன் நின்றது என்றே பிள்ளைக்குத் தெரியாது.

வீரா ஹிராநந்தானியின் ‘தி நைட் டைரி’ ஆங்கிலத்தில், ஹைஸ்கூல் பிள்ளைகளுக்கு. 2018-இல் வந்து மறு ஆண்டு அமெரிக்காவின் சிறுவர் நூல் விருதான நியூபெரி ஹானர் பெற்றது. 1947 பிரிவினையில் மீர்ப்பூர் காஸிலிருந்து ஜோத்பூருக்கு நடக்கும் பன்னிரண்டு வயது நிஷா, இறந்துபோன அம்மாவுக்குத் தினமும் எழுதுகிறாள். பாலைவனத்தில் தண்ணீர் கிடைக்காத பகுதி உடம்பை உலுக்கும். அதை மாலையில் தொடங்கி நடுவில் நிறுத்தாதீர்கள், தண்ணீர் கிடைக்கும் இடம்வரை ஒரே அமர்வில் கொண்டுபோய்விடுங்கள்.

இந்தப் புத்தகங்களோடு பள்ளிகளில் வழக்கமாகச் செய்யும் ஒரு பயிற்சியை நாங்கள் எதிர்க்கிறோம். “வீட்டைவிட்டு இப்பவே போகணும், ஒரே ஒரு பொருள் எடுத்துக்கலாம், எதை எடுப்பே?” 2018 வெள்ளத்தையும், மூணாறுக்குப் பக்கத்தில் 70 உயிர்களைக் கொண்டுபோன 2020 பெட்டிமுடி நிலச்சரிவையும் பார்த்த தோட்டப் பிள்ளைகளிடம் இது விளையாட்டுக் கேள்வி இல்லை. இருட்டில் எழுந்து ஓடியவர்களின் சொந்தக்காரப் பிள்ளை அந்த வகுப்பிலேயே இருக்கலாம். வீட்டில் இன்னும் பத்திரமாக இருக்கிற பழைய பொருள் எது, அது யாரோடு வந்தது என்று கேட்டால் போதும். தகரப் பெட்டி, குடும்ப அட்டை, ஒரு பித்தளைச் செம்பு, ஏதாவது ஒன்று இருக்கும்.

நூலகத்தின் சிறுவர் பிரிவான பாலவேதிக்கு வாங்குகிறவர்கள் அலமாரியில் ‘அகதிக் கதைகள்’ என்று மொத்தமாகச் சீட்டு ஒட்ட வேண்டாம். ஒப்பந்தத்தில் இந்தியக் குடியுரிமையோடு வந்தவர்களுக்கும், 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு படகேறி வந்து தமிழ்நாட்டு முகாம்களில் பதிவானவர்களுக்கும் சட்டத்தில் வேறு வேறு நிலை. அந்தச் சீட்டைப் பார்த்தால் இங்குள்ள பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள், அதில் நியாயம் இருக்கிறது.

பராமரிப்பு இந்த மழை மலையில் தனி வேலை. நடுவில் பின் அடித்த மெல்லிய படக்கதைகளில் ஒரு காலவர்ஷம் (தென்மேற்குப் பருவமழை) போனாலே பின் துருப்பிடிக்கும், துருக்கறை நடுப்பக்கப் படத்தில் இறங்கும். வாங்கிய அன்றே பின்னைக் கழற்றிவிடுங்கள். மடிப்பில் மூன்று துளை போட்டு, மெழுகு தேய்த்த கெட்டி நூலை நடுத்துளையில் உள்ளிருந்து வெளியே எடுத்து, மேல்துளை வழியாக உள்ளே, கீழ்த்துளை வழியாக வெளியே, மறுபடி நடுத்துளை வழியாக உள்ளே கொண்டுவந்து முடிச்சுப் போடுங்கள். பசை ஒட்டிய தடிப் புத்தகத்தை மல்லாக்க அழுத்தி விரித்தால் முதுகு உடையும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை புத்தகங்களைச் சுவரோடு ஒட்டி அடுக்காமல் நாலு விரல் இடைவெளி விடுங்கள், இல்லாவிட்டால் பூசணம் பிடிக்கும். அட்டைக்குப் பிளாஸ்டிக் ஷீட் போடும்போது புத்தகத்தோடு ஒட்டும் வகையைத் தவிர்த்துக் கழற்றக்கூடியதாகப் போட்டால், ஈரமானதும் உருவி உலர்த்தலாம்.

கையில் பணம் குறைவென்றால் முதலில் முகுந்த்-ரியாஸ் இரண்டு பிரதி, டோட்டோ-சான் தமிழில் ஒன்று, மலையாளத்தில் ஒன்று. ‘தி அரைவல்’ விலை கூடுதல், ஒரு பிரதி போதும். அதை வீட்டுக்கு இரவல் கொடுக்கும்போது பெரியவர்கள் பால்வெட்டு முடிந்து ஓய்வாக இருக்கும் சனி, ஞாயிறு பார்த்துக் கொடுங்கள்.