மொட்டை மாடியில் ஜெனரேட்டருக்கு ஒரு கூரை: மூன்று மழைக்காலம் பார்த்த பிறகு

திருவொற்றியூரில் எங்கள் மொட்டை மாடியில் நின்றால் கடல் தெரியும். அம்மாவுக்கு இரவு முழுக்க ஆக்சிஜன் செறிவூட்டி ஓட வேண்டும். 5 லிட்டர் கருவி, ஏறத்தாழ 350 வாட் இழுக்கும். வீட்டு இன்வெர்ட்டர் சில மணி நேரம் தாங்கும், புயலுக்குத் தாங்காது. அதனால் 2023 தொடக்கத்தில், முகாம்களுக்குத் தூக்கிச் செல்லும் வகையில் சிறிய பெட்ரோல் ஜெனரேட்டர் ஒன்றை வாங்கினோம். 2 கே.வி.ஏ. திறன், 20 கிலோ சொச்சம் எடை. ஒரே ஆள் மாடிக்குத் தூக்கிவிடலாம். ஆனால் அதை மழையில் நனையவிட்டு ஓட்டக் கூடாது. வீட்டுக்குள் எக்காரணம் கொண்டும் ஓட்டக் கூடாது.

முதலில் நான் செய்தது ஒரு பெட்டி. பிளைவுட் பலகை, மேலே தகரம், பக்கத்துக்கு நான்கு ஓட்டை. மழை ஒன்றுதான் எதிரி என்று நினைத்திருந்தேன். அந்த டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. எங்கள் தெருவில் மின்சாரம் நின்றது. பெட்டிக்குள் வைத்து ஓட்டினேன். 25 நிமிடத்தில் இயந்திரம் அணைந்துவிட்டது. இது காற்றால் குளிரும் எஞ்சின். தான் கக்கிய சூட்டையே திரும்ப உள்ளிழுத்தால் என்ன ஆகும்? பெட்டியைக் கழற்றி எறிந்துவிட்டு, அண்ணனும் நானும் விடியும்வரை மாறி மாறித் தார்ப்பாயை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றோம். காற்று திரும்பியபோதெல்லாம் புகை முகத்தில் அடித்து எனக்குத் தலை கனத்தது. அந்தப் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்லும் நச்சு வாயு. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அன்று செய்தது எவ்வளவு பெரிய தவறு என்பது இப்போது நினைத்தாலும் நடுக்கமாக இருக்கிறது. யாரும் அப்படி நிற்காதீர்கள்.

2024 பொங்கலுக்குப் பிறகு காசிமேட்டில் பைபர் படகு பழுதுபார்க்கும் ஒருவரிடம் போனேன். பெட்டியில் அடித்திருந்த திருகாணியைக் காட்டினேன். எட்டு மாத உப்புக் காற்றில் தலை கரைந்து, விரலால் தேய்த்தால் செந்தூள் கொட்டியது. “தம்பி, கடலுக்குப் பக்கத்தில் நிற்கிற பொருளுக்கு இதைப் போடலாமா?” என்று கேட்டார். “நீங்கள் சொல்கிறபடியே செய்யலாம் அண்ணே” என்றேன். படகுக்குப் போடுவது போலவே கண்ணாடி இழைப் பாயும் ரெசினும் வைத்து, 4 அடிக்கு 4 அடி கூரை வார்த்துக் கொடுத்தார். திருகாணிகள் எல்லாம் துருப்பிடிக்காத எஃகு. இரண்டு ஆண்டுகளில் அவற்றின் மேல் தேநீர்க் கறை போல லேசான பழுப்பு படிந்திருக்கிறது, அவ்வளவுதான். மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைக்கிறேன்.

இப்போது இருப்பது பெட்டியல்ல, கூரை. வடகிழக்குப் பருவமழைச் சாரல் வாடைக் காற்றோடு வரும். ஆகவே வடக்கிலும் கிழக்கிலும் மட்டும் பைபர் தடுப்பு. அதிலும் கீழே அரை அடியும், கூரைக்கு அடியில் ஒரு சாண் இடைவெளியும் விட்டிருக்கிறேன். தெற்கும் மேற்கும் முழுத் திறப்பு. சைலன்சர் தெற்கே பார்த்து நிற்கிறது. சூடான புகை பட்டு ஒரே மாதத்தில் கூரையின் அடிப்பக்கம் பழுத்துப்போனது. அந்த இடத்தில் சிறிய இடைவெளி விட்டு ஓர் அலுமினியத் தகடு பொருத்திய பிறகு பழுப்பு பரவவில்லை. தரையில் ஹாலோ பிளாக் அடுக்கி, மேலே ரப்பர் விரிப்பு. மாடியின் வடிகால் துளையை பிளாஸ்டிக் பை அடைத்தால் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கும் என்பதை மிக்ஜாமில் பார்த்தாயிற்று. மேல்தளம் கட்டுவதற்காக விட்டுவைத்த நான்கு தூண் கம்பிகள் மாடியில் இருந்தன. கூரையைப் படகு நைலான் கயிற்றால் அவற்றோடு கட்டியிருக்கிறேன். 2016 வர்தா புயலில் பக்கத்துத் தெருவின் தகரங்கள் பறந்ததைக் கண்ணால் பார்த்தவன் நான்.

இடத்தையும் மாற்றினேன். முன்பு கிழக்குச் சுவரோரம் வைத்திருந்தபோது, காற்று அடங்கிய நேரத்தில் அடுத்த வீட்டு அக்காவின் ஜன்னலுக்குள் புகை போயிருக்கிறது. அவர் வந்து சொல்லித்தான் தெரிந்தது. இப்போது தென்மேற்கு மூலை. இரு பக்கமும் தெரு. மாடிப்படிக் கதவிலிருந்து 22 அடி. ஓடும்போது கதவையும் அந்தப் பக்க ஜன்னல்களையும் சாத்திவிடுவோம். படிக்கட்டின் மேல்முனையில் கார்பன் மோனாக்சைடு அலாரம் மாட்டியிருக்கிறேன். அதை வாங்காமல் ஜெனரேட்டர் வாங்காதீர்கள்.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த இரவில் ஆறு மணி நேரம் ஓடியது. ஒருமுறை காற்று திசை மாறித் தெற்கிலிருந்து அடித்துச் சாரல் உள்ளே வந்தது. பலகை ஒன்றைக் குறுக்கே வைக்கலாமா என்று கை துறுதுறுத்தது, வைக்கவில்லை. பெட்ரோல் ஊற்ற மட்டும் நிறுத்தி, சூடு ஆறும்வரை காத்திருந்தேன்.

கம்பி விஷயத்தில் என்னிடம் விட்டுக்கொடுப்பே கிடையாது. மாடியிலிருந்து நேராக அம்மாவின் கருவிக்கு ஒரு தனிக் கேபிள். வீட்டு பிளக்கில் ஜெனரேட்டரைச் செருகினால் மின்சாரம் வெளிக் கம்பிக்கு ஏறும்; டிரான்ஸ்பார்மர் அதை 11,000 வோல்ட்டாக உயர்த்திவிடும். மழையில் நமக்காகக் கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேன் அதில் போய்விடுவார்.

இன்னொன்று, பெட்ரோல். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும். முதல் கோடையில் டாங்கியில் அப்படியே விட்டுவைத்ததில் கார்புரேட்டரின் ஜெட் அடைத்து, கயிறு இழுத்து இழுத்துத் தோள் வலித்ததுதான் மிச்சம். இப்போது மாடியில் இருக்கும் மாதங்களில் மாதம் ஒருமுறை 20 நிமிடம் சுமை கொடுத்து ஓட்டுகிறேன். பிறகு எரிபொருள் குழாயை மூடி, தானே நிற்கும்வரை விட்டுவிடுகிறேன். அக்டோபர் முதல் டிசம்பர்வரை மட்டுமே ஜெனரேட்டர் கூரைக்கு அடியில் இருக்கும். ஜனவரியில் டாங்கியைக் காலி செய்து கீழே இறக்கிவிடுவேன். தார்ப்பாய் போட்டு மூடி வைப்பதில்லை. உள்ளே வியர்த்துத் துரு பிடிக்கிறது.

மூன்றாவது மழைக்காலமும் முடிந்துவிட்டது. வடமேற்குக் கால் அருகே கயிறு உரசி நைந்திருக்கிறது. காசிமேட்டு அண்ணனிடம் புதுக் கயிறு சொல்லியிருக்கிறேன்.